பள்ளியில் கொரியக் கலாசார மன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு மேற்கே, கம்பெனி பஸ்கள் ஓயாமல் ஓடும் பகுதியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். கொரியக் கலாசார மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. வேறு பள்ளி ஆசிரியர்களும், மன்றம் தொடங்க ஆசைப்படும் மாணவர்களும், கொஞ்சம் பதற்றத்தோடு பெற்றோர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பள்ளியில் கொரியக் கலாசாரத்துக்கு என்ன வேலை?

பிள்ளைகள் ஏற்கெனவே அதில்தான் இருக்கிறார்கள். நோட்டு அட்டையில் பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக்குழுவின் ஸ்டிக்கர், பென்சில் பாக்ஸில் விரல்களால் செய்த இதயத்தின் படம், டிபன் பாக்ஸ் மூடியில் கொரிய எழுத்தில் பெயர். 2010-களில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்துப் போட்டபோது அம்மாக்களே பார்த்தார்கள். நம் ஊர்ப்பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதற்குப் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள், சாம்சங், கொரியக் குடும்பங்கள், கொரிய உணவகங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. அப்பா கொரிய மேலாளரிடம் வேலை பார்க்கிறார், மகள் கொரியப் பாட்டு கேட்கிறாள், இரண்டு பேருக்கும் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்ற நிலை எங்கள் பகுதியில் சாதாரணம்.

அப்படியானால் இது ரசிகர் மன்றம்தானே?

இல்லை. முதல் நாளே இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். ரசிகர் மன்றமாக ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் உங்கள் குழு பெரிதா, எங்கள் குழு பெரிதா என்ற சண்டையில் வந்து நிற்கும். விஜய், அஜித் சண்டையைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் ஒரு மன்றம் நிலைப்பதற்கு ஒரே வழி, திரையைப் பார்க்காமல் கையால் செய்கிற காரியங்களைச் சுற்றி அதை அமைப்பதுதான். விளையாட்டு, எழுத்து, சமையல், முகமூடி செய்வது. பாட்டும் நடனமும் இருக்கட்டும், ஆனால் கூட்டத்தின் கடைசி பத்து நிமிடத்துக்கு.

தலைமை ஆசிரியரிடம் எப்படி அனுமதி கேட்பது?

"கே-பாப் கிளப்", அதாவது கொரியப் பாப் இசை மன்றம், என்று போய் நிற்காதீர்கள். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் போல இதுவும் ஒரு மன்றம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். யார் பொறுப்பாசிரியர், எந்த நாள், எந்த அறை, முதல் பருவத்தில் என்னென்ன செய்யப்போகிறோம், பணம் வசூலிக்கமாட்டோம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 உயர்நிலையில் கற்பிக்கக்கூடிய அயல் மொழிகளில் கொரியனையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சிபிஎஸ்இ பள்ளியாக இருந்தால் இந்த ஒரு வரி நன்றாகவே வேலை செய்யும். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லக்கூடாது.

பொறுப்பாசிரியருக்குக் கொரியன் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பிள்ளைகளுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். அதைக் கண்டு கூச்சப்படாதவராக இருந்தால் போதும்.

எத்தனை பேர் சேர்க்கலாம்?

ஒரு வகுப்பறையில் வட்டமாகத் தரையில் உட்கார முடிகிற அளவு. எட்டாம், ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகள் தோதானவை. பத்தும் பன்னிரண்டும் வேண்டாமே என்று நான் நினைக்கிறேன். அவர்கள் வரத்தான் விரும்புவார்கள், அவர்களுடைய அம்மாக்கள்தான் விரும்பமாட்டார்கள்.

முதல் கூட்டத்தில் என்ன செய்வது?

அஞ்சாங்கல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான். கொரியப் பிள்ளைகள் ஆடும் கோங்கி என்பது ஐந்து கல்லை வைத்து ஆடுவது. ஐந்தையும் தரையில் விசிறிவிட்டு, ஒன்றை எடுத்து மேலே போட்டு, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை ஒவ்வொன்றாக அள்ள வேண்டும். அடுத்த சுற்று இரண்டிரண்டாக. அப்புறம் மூன்றும் ஒன்றும். அப்புறம் நான்கையும் ஒரே வாரலில். கடைசிச் சுற்றில் ஐந்தையும் மேலே போட்டுப் புறங்கையில் ஏந்தி, அங்கிருந்து மறுபடி எழுப்பி உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். எத்தனை கல் சிக்கியதோ அத்தனை மதிப்பெண், அதை அவர்கள் வயது என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஆட்டத்தில் வயது ஏறிக்கொண்டே போகும்.

கல்லாங்காய், சொட்டாங்கல் என்று எந்தப் பெயரில் ஆடியிருந்தாலும் நம் பெண்கள் இதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே இப்போது கடையில் விற்கும் பிளாஸ்டிக் கல், நமக்குக் கருங்கல் ஜல்லி, வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் முதல் கூட்டத்தில் அறையைக் கூட்ட வந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, ஒரு சுற்றில்கூடத் தவறவிடாமல் எல்லோரையும் தோற்கடித்தார். அன்றைக்குச் சேர்ந்த பிள்ளைகள் யாரும் அப்புறம் நின்றுபோகவில்லை.

வேறு என்ன விளையாட்டுகள் உண்டு?

யூத்நோரிதான் மன்றத்தின் உயிர் என்பேன். கொரியப் புத்தாண்டில் குடும்பமாக உட்கார்ந்து ஆடுவது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும் நான்கு குச்சிகளைத் தூக்கிப் போட்டு, விழுந்த கணக்குக்குக் காய் நகர்த்த வேண்டும். தட்டைப் பக்கம் ஒன்று மேலே இருந்தால் ஒன்று, அதற்குத் தொ என்று பெயர். இரண்டு என்றால் கே, மூன்று கொல், நான்கும் தட்டையென்றால் யூத். நான்கும் உருண்டையாக விழுந்தால் மோ, அதற்கு ஐந்து. இந்த ஐந்தும் முறையே பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரையாம். யூத்தோ மோவோ விழுந்தால் மறுபடி போடலாம். எதிராளி நிற்கும் இடத்தில் போய் விழுந்தால் அவர் காய் வெட்டுப்பட்டு முதலிலிருந்து வரவேண்டும், நமக்கு இன்னொரு ஆட்டம். தாயம் ஆடியவர்களுக்கு இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கட்டத்தில் 29 இடங்கள். வெளிச்சுற்றில் இருபது, நடுவில் குறுக்காக ஒன்பது. மூலையில் சரியாகப் போய் நின்றால் குறுக்குவழியில் போகலாம். நம் காய்கள் இரண்டு ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சேர்த்தே ஓட்டலாம். ஆனால் வெட்டுப்பட்டால் இரண்டும் போகும். இந்த இடத்தில்தான் சண்டையே வரும், ரசிக்கத்தக்க சண்டை.

குச்சி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரியும்வரை சிமெண்ட் தரையில் தேய்த்தால் போதும், கணக்கு அப்படியே சரியாக வரும். கட்டத்தைச் சாக்பீஸால் தரையிலேயே போடலாம்.

கயிறு இழுக்கும் போட்டியும் அவர்களுக்கு உண்டு. கம்போடியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாடுகளோடு சேர்த்து 2015-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது. உடற்கல்வி ஆசிரியரை நம் பக்கம் இழுக்க இது உதவும்.

கொரிய எழுத்தைக் கற்றுக்கொடுப்பது கஷ்டமா?

எழுத்து சுலபம், மொழி நாளாகும். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் சில கூட்டங்களிலேயே பிள்ளைகள் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். பொருள் தெரியாது, அது வேறு.

ஹங்குல் எழுத்தை உருவாக்கியவர் சேஜோங் என்ற அரசர். 1443-இல் ஆக்கி 1446-இல் மக்களுக்கு அறிவித்தார். அதுவரை சீன எழுத்துதான், அது படித்தவர்களின் கையில் மட்டும் இருந்தது. புதிய எழுத்தை விளக்கி அரசவை அறிஞர்கள் எழுதிய நூலிலேயே, கெட்டிக்காரன் ஒரு காலைப்பொழுது முடிவதற்குள் கற்றுவிடலாம், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று இருக்கிறது. இன்று அடிப்படை மெய் 14, உயிர் 10.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு அனுகூலங்கள். முதலாவது, மெய்யெழுத்தின் வடிவமே வாய்க்குள் நடப்பதன் படம். 'ந' ஒலிக்கான எழுத்து, நுனி நாக்கு மேலே தொடும்போது நாக்கு வளையும் வளைவு. 'ம' ஒலிக்கு வாயைப் போல ஒரு சதுரம். நாக்கு எங்கே தொட்டால் எந்த எழுத்து பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதைத் தமிழாசிரியர் நடத்தியிருப்பார். அவரை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்கள் தமிழையா முகம் சுளித்தபடிதான் வந்தார். போகும்போது ஹங்குல் அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது அனுகூலம் இன்னும் நல்லது. 'காகம்' என்பதில் முதல் 'க' ஒரு மாதிரி, நடுவில் வருவது வேறு மாதிரி ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். கொரியனிலும் அப்படியே. சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி, உயிர்களுக்கு நடுவே மெல்ல ஒலிக்கும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இங்கே திணறுவார்கள். நம் பிள்ளைகள் "சரி, நம்ம க மாதிரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

தகராறு வருவது பெயர் எழுதும்போது. ர, ற, ல, ள, ழ எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே எழுத்துதான். லகரத்துக்கு அதையே இரட்டிப்பார்கள். யாழினியும் தமிழரசனும் எவ்வளவு மன்றாடினாலும் ழகரம் கிடைக்காது.

தமிழிலிருந்துதான் கொரியன் வந்ததா?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. அப்பாவை அவர்களும் அப்பா என்கிறார்கள், அம்மாவுக்கு ஏறக்குறைய ஒம்மா, இருவருக்கும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்ற மழலைச் சொற்கள் உலகில் பல இடங்களில் ஒன்றுபோல இருக்கும். சொல் வரிசையும் உருபும் ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட இப்படித்தான்.

அரசி ஹோ ஹ்வாங்-ஓக் கதையும் கூடவே வரும். 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்தத் துறவி தொகுத்த நூலில், கி.பி. 48-இல் ஆயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த இளவரசி, பழைய கொரிய நாடான கயாவின் அரசர் கிம் சுரோவை மணந்ததாக இருக்கிறது. அந்த அரசியின் கல்லறை என்று கிம்ஹே நகரில் ஒன்றைக் காட்டுகிறார்கள். ஆயுத்தா அயோத்தி என்று ஒரு தரப்பு, தென்தமிழ்நாட்டு ஆய் நாடு என்று இன்னொரு தரப்பு. சம்பவத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய நூல் அது. பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லுங்கள், எழுதப்பட்ட காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை வரலாறாகச் சுவரொட்டியில் ஏற்ற வேண்டாம்.

சாப்பாடு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிம்ச்சி என்றால் காய்கறி, அதனால் சைவம் என்று நினைப்பார்கள். வழக்கமான கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். சைவப் பிள்ளைகள் இருந்தால் அதற்குப் பதிலாக சோயா சாஸ் விடுங்கள். சீன முட்டைகோஸைத் தேடி அலையவும் வேண்டாம். முள்ளங்கிக் கிம்ச்சி அவர்கள் வீட்டிலேயே உண்டு, கக்துகி என்பார்கள். வெள்ளை முள்ளங்கியைச் சதுரமாக வெட்டி, உப்புப் போட்டு அரைமணி நேரம் வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை, மிளகாய்த்தூள் பிசறினால் ஆயிற்று. கொரிய மிளகாய்த்தூள் நொறுநொறுப்பாக, காரம் குறைவாக, நிறம் தூக்கலாக இருக்கும். அந்த அளவுக்கு நம் குண்டூர்த் தூளைப் போட்டால் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒத்துவரும். சென்னை வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும், பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்கவும் வேண்டாம். புளிக்கும்போது காற்று சேர்ந்து, திறந்ததும் சட்டையில் பொங்கும்.

இரண்டாவது, நூடுல்ஸ் பாக்கெட். பல வகைகளில் மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சிப் பொடி இருக்கும். பச்சைப் புள்ளியா, வேறு குறியா என்று பார்த்து, பொருள் பட்டியலையும் வாசிக்க வேண்டும். இந்து, முஸ்லிம் பிள்ளைகள் இருவரும் இருக்கும் அறையில் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

மூன்றாவது, கார நூடுல்ஸ் சவால். யார் முதலில் தின்று முடிப்பது என்ற போட்டியைப் பள்ளிக்குள் விடவே கூடாது. 2024-இல் டென்மார்க் அரசு, காரம் உடம்புக்கு ஆபத்தான அளவில் இருக்கலாம் என்று மூன்று கொரிய நூடுல்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது, பிறகு சிலவற்றை மறுபடி அனுமதித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் "நாங்க பார்க்காத காரமா" என்பார்கள். அதனால்தான் விடக்கூடாது.

அடுப்பே வேண்டாம் என்றால் சுசொக் என்ற அறுவடைப் பண்டிகைக்கு அவர்கள் செய்யும் சோங்ப்யோன் பற்றிப் பேசலாம். அரிசி மாவில் எள், தேன் போன்ற பூரணம் வைத்து அரைவட்டமாக மூடி, பைன் ஊசியிலைமேல் ஆவியில் வேகவைப்பது. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை வீட்டிலிருந்து வரும் வாரத்தில் இந்தப் பேச்சு தானாகவே சூடு பிடிக்கும்.

நடனம் ஆட விடலாமா?

விடலாம். வரிகளை முன்னாலேயே பாருங்கள், கெட்ட வார்த்தையும் குடியும் எதிர்பாராத இடத்தில் இருக்கும். சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் ஆட விடாதீர்கள். ஆண்டுவிழா மேடைக்கு கே-பாப் மட்டும் போடாமல் முகமூடி நாடகம் ஒன்றையும் முயன்று பாருங்கள். தல்ச்சும் என்பது கொரிய ஊர்களில் ஆடும் முகமூடிக் கூத்து, 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் மல்துகி என்ற வேலைக்காரன் மேல்சாதி எஜமானர்களைக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பான். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வேடம் சட்டென்று வரும். அட்டை முகமூடிக்கு கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும்.

தொடர்கள் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். வயது வரம்பு, உரிமம், நேரம் மூன்றும் இடிக்கும். வீட்டில் எப்படியும் பார்க்கிறார்கள்.

எந்த நாட்களைக் கொண்டாடலாம்?

அக்டோபர் 9, ஹங்குல் நாள். காலாண்டு விடுமுறை முடிந்து எல்லோரும் வந்திருப்பார்கள், தேர்வு நெருக்கடியும் இருக்காது. கொரியப் புத்தாண்டு (அதற்கு 'சொல்லால்' என்று பெயர்) ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், செய்முறைத் தேர்வோடு மோதும். ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் விடுதலை நாள்தான், 1945-இல் ஜப்பானிடமிருந்து. சுதந்திர தினப் பேச்சுப்போட்டியில் எங்கள் மாணவி ஒருத்தி இந்த ஒரு தகவலால் பரிசு வாங்கினாள்.

வரலாறு, போர் பற்றியெல்லாம் பேச வேண்டுமா?

கட்டாயம். வடகொரியா ஒன்று இருப்பதே தெரியாத ரசிகர்கள் இருக்கிறார்கள். 1945-இல் 38-ஆவது அட்சரேகையில் பிரிந்தது, 1950 முதல் 1953 வரை போர் நடந்தது, நிறுத்த உடன்பாடு மட்டும் ஆனது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை என்பதைச் சொல்லாமல், பாட்டுக்குழுப் பையன்கள் ஏன் ராணுவத்துக்குப் போகிறார்கள் என்பதை விளக்க முடியாது.

அதில் நம் கதையும் உண்டு. அந்தப் போரில் சண்டையிட இந்தியா படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 இறுதியில் போய்ச் சேர்ந்தது. சீனப் படை முன்னேற, பியோங்யாங்கைக் காலி செய்யச் சொன்னார்கள், வண்டி இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவர மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்து, அதை இயக்கத் தெரிந்த தங்கள் ஆட்களை வைத்தே ஓட்டி எல்லாவற்றையும் தெற்கே கொண்டுவந்தார்கள். போர்நிறுத்தத்துக்குப் பின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் ஓர் இந்தியர், ஜெனரல் திம்மையா. இந்தக் கூட்டத்துக்குத்தான் பையன்கள் அதிகம் வருவார்கள்.

"நம்ம கலாசாரம் போய்விடும்", "கொரியாவுக்கே ஓடிவிடுவாள்" என்று பெற்றோர் பயப்படுகிறார்களே?

முதல் பயத்துக்குப் பதில், கூட்டத்துக்கு ஒருமுறை வந்து அஞ்சாங்கல் ஆடிப் பாருங்கள் என்பதுதான். இரண்டாவதைச் சிரித்துத் தள்ளமாட்டேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புச் சிறுமிகள் மூன்று பேர் பிடிஎஸ் குழுவைப் பார்க்கக் கப்பலில் போகலாம் என்று கொஞ்சம் பணத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, நல்லவேளையாக வழியிலேயே மீட்கப்பட்டார்கள். அந்த ஆசையைத் தனியாக, போனுக்குள் வைத்திருக்கிற பிள்ளைதான் இப்படிக் கிளம்பும் என்பது என் எண்ணம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் விலை, அங்கே பாட்டுக்குழுவில் சேரப் பயிற்சி பெறும் பதின்வயதினர் படும் பாடு, மெலிந்திருக்க வேண்டுமென்ற நெருக்கடி, எல்லாவற்றையும் ஒரு பெரியவர் முன்னால் வெளிப்படையாகப் பேச ஓர் இடம் வேண்டும். வெளுப்பு கிரீம் பேச்சையும் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

மன்றத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டிய விதி ஏதாவது?

யாரையும் முகத்தை வைத்து அழைக்கக்கூடாது. மணிப்பூர், மிசோரம் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் "நீ கொரியன் மாதிரி இருக்கியே" என்று நச்சரிப்பார்கள். பாராட்டுவதாக நினைத்துச் சொல்வது, கேட்கிறவளுக்கு அது "சைனீஸ்" என்ற கேலியின் மறுபக்கம். மணிப்பூரில் கொரிய மோகம் நம்மைவிட மூத்தது. 2000-இல் ஓர் ஆயுதக் குழு இந்திப் படங்களைத் தடைசெய்ய, அந்த இடத்தில் கொரியத் தொலைக்காட்சி வந்து உட்கார்ந்தது. அந்தப் பிள்ளை தானாகப் பேச விரும்பினால் இதைச் சொல்ல விடுங்கள். கொரிய மேலாளர்களைப் போல் பேசிக் காட்டும் நடிப்பும் வேண்டாம். ஆண்டுவிழாவில் கைதட்டல் கிடைக்கும்தான்.

வெளியே யாரிடம் உதவி கேட்கலாம்?

சென்னையில் 2006 முதல் இன்கோ என்ற இந்திய-கொரியக் கலாசார மையம் இருக்கிறது. கொரிய மொழி வகுப்பு, கண்காட்சி, நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். தில்லியில் கொரியக் கலாசார மையம் உண்டு. அகில இந்திய கே-பாப் போட்டி அவர்கள் நடத்துவதே. பள்ளித் தலைப்புத்தாளில் மரியாதையாக எழுதினால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மாணவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டாம். கொரிய மொழி கற்பிக்கும் சேஜோங் கழகத்தின் இணையப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கொரியன் படித்தால் வேலை கிடைக்குமா?

மன்றத்தில் படித்து அல்ல. டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வு ஆறு நிலை கொண்டது, சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும். மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்க மேல் நிலைகள் வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அதற்குத் தேவை உண்டு என்பது உண்மை. பன்னிரண்டு முடித்தவர்கள் கொரிய அரசின் உதவித்தொகையையும் விசாரித்துப் பார்க்கலாம்.

செலவு?

சாக்பீஸ், அட்டை, புளியங்கொட்டை, முள்ளங்கி. ஹான்போக் என்ற கொரிய மரபு உடை வேண்டுமென்று கேட்பார்கள், விலை அதிகம். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி மேலே குட்டைச் சட்டை தைத்தால் மேடைக்குப் போதும். பாட்டிகளின் பழைய பட்டுப்பாவாடை இதற்கு அற்புதமாக இருக்கும்.

பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால்?

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைச் செயலாளர்களாக வையுங்கள், பதினொன்றாம் வகுப்பிலிருந்து அல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன செய்தோம், என்ன மீந்தது என்று ஒரு நீள நோட்டில் அவர்களே எழுதட்டும். கல், கொட்டை, முகமூடி எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு நூலக அலமாரிக்கு மேல் இருக்கட்டும். சாவி மட்டும் நூலகரிடம்.